கரிச்சான் வாலில் இரண்டு குஞ்சம்

அந்தக் காலத்தில் கரிச்சானுக்கு வால் குட்டை, வாய் நீளம். காட்டில் எல்லா உயிருக்கும் பேச்சு இருந்த காலம் அது. இருந்தாலும் கரிச்சான் அளவுக்கு யாரும் பேசவில்லை. பருந்தோடு சண்டை, காக்கையோடு சண்டை, ஆள் கிடைக்காத நாளில் தன் நிழலோடு சண்டை. ஆனால் விடிகிற நேரத்தில் அது ஒரு பாட்டுப் பாடும். அதன் சொந்தப் பாட்டு. இந்தப் போக்கிரிக்கா இப்படி ஒரு குரல் என்று மரங்கொத்தி கூடக் கொத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். அந்தப் பாட்டு எப்படி இருக்கும் என்று கேட்டால் இன்றைக்குச் சொல்ல ஆளில்லை. அது எங்கே போயிற்று என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மஞ்சடுக்கு மலையில் ஏழு ஊர்கள் இருந்தன. ஊர் என்றால் பத்துக் குடிசை, ஒரு சாமைக் காடு, நாலு நாய். வருஷத்தில் பாதி நாள் மலைமேல் மஞ்சு இறங்கிக் கிடக்கும். நீட்டிய கையின் விரல் கண்ணுக்குத் தெரியாது. அந்த மஞ்சுக்குள் மஞ்சுக்காரி என்று ஒருத்தி இருந்தாள். உருவம் கிடையாது, குரல் மட்டும் உண்டு. பெற்ற அம்மா குரலில் கூப்பிடுவாள். கொழுந்தியாள் குரலில் சிரிப்பாள். "பாதை இந்தப் பக்கம் இருக்கு, வா" என்பாள். நம்பிப் போனவன் திரும்பி வந்ததில்லை.

அவளுக்கு வராத ஒன்று மெட்டு. பேச்சைத் திருடத் தெரிந்தவளுக்குப் பாட்டைத் திருடத் தெரியவில்லை. தானாக எதையாவது புதிதாக ஊதிப் பார்ப்பாளே தவிர, ஒருவருடைய மெட்டை அச்சாக ஊத அவளால் முடியாது. அதனால் அந்த மலைக்காரர்கள் மஞ்சில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆளுக்கு ஒரு சின்ன மெட்டு இருந்தது. அதற்குக் கூவல் என்று பேர். குழந்தை பிறந்த ஏழாம் நாள் குழல்காரர் வந்து அதற்கென்று ஒரு கூவலைக் கட்டி மூன்று தடவை ஊதுவார். ஊரே நின்று மூன்று தடவை சீழ்க்கையில் திருப்பிச் சொல்லும். அவ்வளவுதான், அந்தப் பிள்ளை இனித் தொலையாது.

மஞ்சில் மாட்டிக்கொண்டால் பேச்சை நம்பக் கூடாது, உட்கார்ந்துவிட வேண்டும். தன் கூவல் கேட்டால் மட்டும் பதிலுக்குச் சீழ்க்கையடித்து, மறுபடி கேட்டதும் எழுந்து, கேட்ட திசைக்கு நேராக நடக்க வேண்டும். யாருக்கும் தெரியாத புதுக் கூவல் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டும், அது மஞ்சுக்காரியின் வேலை. இவற்றையெல்லாம் விடப் பெரிய விலக்கு ஒன்று உண்டு. தன் கூவலைத் தானே ஊதக் கூடாது. கூப்பிட ஆளில்லாதவர்தான் தன்னைத் தானே கூப்பிடுவார், அப்படிக் கூப்பிட்டால் சாவு வந்து "என்ன?" என்று கேட்கும் என்பார்கள்.

அந்த ஏழு ஊருக்கும் குழல்காரி சடைச்சி. நாற்பத்தைந்து வயது இருக்கும். அப்பன் விட்டுப்போன மூங்கில் குழல் ஒன்றுதான் அவள் சொத்து. அதன் நுனியில் கரடி மயிரில் முறுக்கிய இரண்டு கறுப்புக் கயிறு தொங்கும், ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் ஒரு குஞ்சம். உயிரோடு இருக்கிறவர்கள் கூவல் முந்நூற்றுச் சொச்சம் அவள் நெஞ்சில் இருந்தது. செத்தவர்கள் கூவல் அதைவிட அதிகம். ஒருவர் இறந்துவிட்டால் அவர் கூவலை வீட்டில் யாரும் ஊதக் கூடாது. குழல்காரிதான் வைத்திருந்து, தை மாதத்தில் ஒரு நாள் கூட்டுப்பாறையில் நின்று ஒவ்வொன்றாக ஊதுவாள். ஏழு ஊரும் வந்து உட்கார்ந்திருக்கும். அவரவர் வீட்டுக் கூவல் வரும்போது அழுவார்கள். வந்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொட்டலத்தை அவிழ்த்துச் சோறு தின்பார்கள்.

சடைச்சிக்கு எந்த ஊரிலும் கூழ் கிடைக்கும், படுக்கப் பாய் கிடைக்கும். வீடு என்று ஒன்று கிடையாது. வந்தாள், ஊதினாள், போனாள் என்று இருந்தாள். அவளைத் தேடி யாரும் போக வேண்டி வந்ததே இல்லை. கூப்பிடுவதற்கு முன்னாலேயே மஞ்சுக்குள்ளிருந்து குழல் சத்தத்தோடு வந்து நிற்பாள். வந்தவளை "குழலு" என்பார்கள், "குழல்காரி" என்பார்கள். அவளுக்கும் ஏழாம் நாளில் அவள் அப்பன் ஒரு கூவல் கட்டியிருந்தான். அவள் பிறந்த மேலூர் முழுக்க நின்று திருப்பிச் சொன்னதுதான். சொன்னவர்களில் பாதிப்பேர் செத்தார்கள், மீதிப்பேர் மறந்தார்கள். எடுக்காத அரிவாள் துருப்பிடிக்கத்தானே செய்யும். அப்பன் போன பிறகு முப்பது வருஷமாக அந்தக் கூவலை அவள் காது கேட்கவில்லை.

அவள் புல்லில் நடக்கும்போது வெட்டுக்கிளியும் தத்துப்பூச்சியும் பறக்கும். அதற்காகக் கரிச்சான் அவள் பின்னாலேயே வரும். பூச்சிக்காக வந்ததுதான். பிறகு பேச்சுக்காகவும் வந்தது.

"ஊருல இருக்கிறவங்களையெல்லாம் நீ கூப்பிடுற. உன்னை யாரு கூப்பிடுவா?" என்று ஒரு நாள் கேட்டது.

"நான் தொலைஞ்சாத்தானே கூப்பிடணும். இந்த மலையில எனக்குத் தெரியாத கல்லு கிடையாது."

"அது கெடக்கட்டும். உன் கூவல் எப்படி இருக்கும்? ஒரே ஒரு தடவை ஊதேன்."

"என் வாயால ஊதக் கூடாது."

"வேற யாராச்சும் ஊதினா எனக்குக் காட்டு."

சடைச்சி நடையை எட்டிப் போட்டாள். கரிச்சானும் ஒரு தும்பியைப் பிடித்துத் தின்றுவிட்டு அதை மறந்துவிட்டது. அவளுக்குத்தான் மறக்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மேலூரில் கெம்பியின் பேத்திக்கு ஏழாம் நாள். கெம்பி அந்த ஊரில் சொல்வாக்கு உள்ளவள், வாய் கொஞ்சம் வெடுக்கு. சடைச்சி குழந்தைக்குக் கூவல் கட்டி ஊதினாள், ஊர் திருப்பிச் சொன்னது. எல்லோரும் கலைந்தார்கள். சடைச்சி மட்டும் குழலைத் துடைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். என் கூவல் உங்களில் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என்னைக் கொஞ்சம் கூப்பிடுங்கள் என்று கேட்டு வாங்கினால் அதற்குப் பேர் கூப்பிடுவதா?

"என்ன குழலு, நிக்கிற? இன்னும் கூழு வேணுமா?" என்றாள் கெம்பி.

"வேணாம் அக்கா. வயிறு நெறைஞ்சிருச்சு."

அன்றைக்கு அவள் அடுத்த ஊர் வரைக்கும் ஊதாமலே நடந்தாள். கரிச்சான் என்னவோ பேசிப் பார்த்தது, அவள் காது கொடுக்கவில்லை.

தை பிறந்தது. செத்தவர்கள் நாள் வந்தது. தையில் மஞ்சு இறங்காது என்பது மலைக் கணக்கு. அந்த வருஷம் கணக்குத் தப்பியது. ஆறு ஊர்க்காரர்கள் கூட்டுப்பாறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேலூர்க்காரர்கள் இருபத்திரண்டு பேர் வழியில் இருக்கும்போது, உச்சி வெயில் நேரத்தில், வெள்ளை மஞ்சு அப்படியே வந்து மூடிக்கொண்டது. பாறையில் இருந்தவர்களுக்குப் பக்கத்தில் இருக்கிறவர் முகம் தெரியவில்லை.

சடைச்சி எழுந்து பாறை நுனியில் நின்று ஊத ஆரம்பித்தாள். முதலில் பிள்ளைகள், பிறகு பெரியவர்கள். ஒருவர் கூவலை ஊதிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். தூரத்தில் பதில் சீழ்க்கை கேட்கும். அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்த ஆளுக்கும் தனக்கும் நடுவில் பள்ளம் இல்லையென்றால்தான் மறுபடி ஊதுவாள். பள்ளம் இருந்தால் சுற்றிப் போய், நேராக நடந்தாலும் கால் தப்பாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு ஊதுவாள். குழல் ஊதுவது யாருக்கும் வரும். இப்படி நின்று கூப்பிடுவதுதான் அவளுடைய வித்தை. அதை வித்தை என்று யாரும் நினைக்கவில்லை, அவளே நினைக்கவில்லை.

ஒவ்வொருவராக இருபத்தோரு பேர் வந்து சேர்ந்தார்கள். கெம்பி பேத்தியைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு வந்தாள். மீதி ஒரே ஆள், மசணன். அறுபது வயதுக்கு மேல் ஆனவன். கரடி அறைந்ததில் இடது காது போனவன். ஒரு காதுக்காரனுக்குத் திசை பிடிபடாது. அவனுடைய பதில் சீழ்க்கை வெட்டுப்பிளவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. வெட்டுப்பிளவு என்பது பாறைக்குக் கிழக்கே மலையைக் கோடாலியால் வெட்டினது மாதிரி இருக்கும் ஒரு கெவி. கல்லைப் போட்டால் விழுந்த சத்தம் கேட்காது.

"இங்கிருந்து ஊதினா நேரா வந்து உள்ள விழுந்துருவாரு" என்று சொல்லிவிட்டு சடைச்சி குழலோடு மஞ்சுக்குள் இறங்கினாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

பிளவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், பாதையின் தலைப்பில் நின்று மசணன் கூவலை அவன் நல்ல காதுப் பக்கமாக ஊதினாள். அவன் வந்தான். அவளை உரசுகிற மாதிரி வந்து, அவள் நின்ற பாதையில் ஏறிப் போய்விட்டான். யார் ஊதியது என்று அவன் பார்க்கவில்லை. கூவல் கேட்டால் நடக்க வேண்டும், நடந்தான். சடைச்சி அவனுக்குப் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தாள். அந்த மலையில் தெரியாத கல் இல்லாத அவளுக்கு அந்தக் கல் வழுக்கியது. ஆனைக்கும் அடி சறுக்கும்.

புல் சரிவில் உருண்டு போய், திட்டு மாதிரி இருந்த ஒரு மேடையில் விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது விலாவில் குத்தியது. குழல் நடுவில் பிளந்திருந்தது, ஊதினால் காற்றுத்தான் வந்தது. எந்தப் பக்கமிருந்து உருண்டோம், பிளவு எந்தப் பக்கம் இருக்கிறது, ஒன்றும் புரியவில்லை. உட்காருவதுதான் முறை, உட்கார்ந்தாள். இது வரைக்கும் அவள் கூப்பிட்டாள். இப்போது அவர்கள்தான் கூப்பிட வேண்டும்.

பாறையில் மசணனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அவன்தான் முதலில் கேட்டான்.

"இம்புட்டு நேரம் ஒருத்தி ஊதிக்கிட்டு இருந்தாளே. அவ எங்க?"

சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். குழல் சத்தம் வரவில்லை. ஒருவன் வாயில் விரலை வைத்துச் சீழ்க்கை அடிக்கப் போனான், வைத்த விரலை எடுத்துவிட்டான். என்னவென்று அடிப்பது? பக்கத்து ஆளைத் தொட்டுக் கேட்டான். அந்த ஆள் அடுத்தவளைக் கேட்டான். ஏழு ஊரும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது.

"குழல்காரி கூவல் யாருக்குத் தெரியும்?" என்றாள் கெம்பி.

யாருக்கும் தெரியவில்லை. வேறு வழி இல்லாமல் வாய்விட்டுக் கத்தினார்கள். "குழல்காரீ... ஏ குழலூ..." அந்தச் சத்தம் துண்டு துண்டாகச் சடைச்சி இருந்த இடத்துக்கும் வந்தது. மஞ்சுக்காரி ஆரம்பித்துவிட்டாள் என்று அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டது அவளுடைய சனங்கள்தான்.

கரிச்சான்தான் தேடி வந்தது. பறவைக்கு மஞ்சில் கண் தெரியாவிட்டாலும் சிறகு தெரியும்.

"இங்க உக்காந்து என்ன பண்ற? அங்க எல்லாரும் வந்தாச்சு."

"யாராச்சும் என்னைக் கூப்பிட்டாங்களா?"

கரிச்சான் பொய் சொல்லத் தெரியாத பறவை. "உன் கூவல் யாருக்கும் தெரியலை" என்றது.

சடைச்சி மடியில் கிடந்த குழலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குத் தெரிந்த விஷயம்தான். தெரிந்த விஷயத்தை இன்னொரு வாய் சொல்லும்போது அது வேறு மாதிரி வலிக்கிறது.

"நான் போயி இடத்தைச் சொல்றேன். கூட்டிட்டு வர்றேன்" என்றது கரிச்சான்.

"பேச்சை நம்ப மாட்டாங்க. மஞ்சில பேச்சை நம்பாதேன்னு ஏழு ஊருக்கும் பாட்டாக் கட்டிச் சொல்லிக் குடுத்ததே நான்தான்."

"அப்ப உன் கூவலை எனக்குக் குடு. நான் அவங்களுக்குச் சொல்லித் தர்றேன். அவங்க கத்துக்கிட்டு ஒழுங்கான இடத்துல நின்னு ஊதட்டும்."

அந்தக் காலத்தில் ஒரு பறவைத் தொண்டையில் ஒரு பாட்டுக்குத்தான் இடம். இன்னொன்று உள்ளே வந்தால் இருந்தது வெளியே போய்விடும். சடைச்சிக்கு அது தெரியும்.

"உன் பாட்டுப் போயிருமே."

"போனாப் போகுது. விடியக்காலையில அதை யாரு கேக்கிறா? அந்த மரங்கொத்தி கேக்குது."

"நானும் கேக்கிறேன்" என்றாள் சடைச்சி. "தினமும் கேக்கிறேன்."

சண்டைக்காரப் பறவை அலகைப் புல்லில் தேய்த்துக்கொண்டது.

"சரி, இப்படிச் செய்வோம்" என்றாள் அவள். "உன் பாட்டை ஒரு தடவை பாடு. நான் வாங்கி வச்சுக்கிறேன். இத்தனை பேரோடத வச்சிருக்கேன், உன்னோடது ஒண்ணு பாரமா? மேல வந்ததும் உனக்குத் திருப்பிச் சொல்லித் தர்றேன்."

கரிச்சான் பாடியது. பட்டப்பகலில், மஞ்சுக்கு நடுவில், ஒரே ஒருத்திக்காகப் பாடியது. அவள் கண்ணை மூடிக் கேட்டு, தலையை ஆட்டி, உள்ளே வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு உதட்டைக் குவித்தாள். விலா வலியில் மூச்சு அரை மூச்சாகத்தான் வந்தது. தன் கூவலைத் தானே, மெல்ல, மூன்று தடவை சீழ்க்கையடித்தாள்.

முப்பது வருஷத்துக்குப் பிறகு அவள் காதில் அது விழுந்தது. சின்ன மெட்டு. மேலே ஏறி, ஒரு இடத்தில் நின்று, எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வருகிற மாதிரி இறங்கும். இவ்வளவு அழகாகவா அப்பா எனக்குக் கட்டினார் என்று நினைத்தாள். அழுதாள். விலக்கை மீறியதற்கு அழவில்லை.

கரிச்சான் பறந்தது. நேராகப் பாறைக்கு வந்து, பிளவின் விளிம்பில் இருந்த ஒரு மொட்டைக் கிளையில் உட்கார்ந்து, அவள் கூவலை அச்சு அசலாக ஊதியது. அப்பன் குழலில் ஊதினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பாறையில் இருந்தவர்கள் உறைந்து போனார்கள். ஏழு ஊரும் கூடியிருக்கிறது. அதில் ஒருவருக்கும் தெரியாத கூவல் ஒன்று மஞ்சுக்குள்ளிருந்து வருகிறது.

"யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றாள் கெம்பி. "புதுக் கூவல். அவதான். பிள்ளைங்க காதைப் பொத்துங்க."

"இது குழல்காரி கூவல், நான் கரிச்சான், நம்புங்க" என்று அது பேசியும் பார்த்தது. பேச்சுக் கேட்டதும் இன்னும் பயந்தார்கள். மசணன் தன்னுடைய ஒரு காதையும் கையால் மூடிக்கொண்டான். கரிச்சானுக்கு ஆத்திரம் வந்தது. இவர்கள் கேட்கும்வரை விடுவதில்லை என்று தொண்டை கிழிய அதே கூவலைத் திரும்பத் திரும்ப ஊதியது. பத்துத் தடவை, இருபது தடவை. அந்தச் சத்தம் அவர்கள் காதுக்குள் போகவில்லை. பிளவைத் தாண்டிப் போயிற்று.

மேடையில் உட்கார்ந்திருந்த சடைச்சி தலையை நிமிர்த்தினாள்.

தன் கூவல். எதிர்ப்பக்கமிருந்து, தெளிவாக, விடாமல், மறுபடியும் மறுபடியும். அவர்கள் கற்றுக்கொண்டார்கள். என்னைக் கூப்பிடுகிறார்கள். அது பறவையாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த நேரத்தில் அவள் எழுந்திருப்பாள் என்றுதான் நினைக்கிறேன். முப்பது வருஷம் காத்திருந்தவளை "கொஞ்சம் பொறு, யாரென்று பார்" என்று சொன்னால் கேட்பாளா?

உடைந்த குழலைப் புல்லில் வைத்தாள். தன் கூவலைத் தானே ஊதியவள் அந்தக் குழலை இனித் தொடக் கூடாது என்று நினைத்திருக்கலாம், அல்லது இனி அது வேண்டியதில்லை என்று நினைத்திருக்கலாம். பதிலுக்கு ஒரு சின்னச் சீழ்க்கை அடித்தாள். பிறகு முறைப்படி எழுந்து, கேட்ட திசைக்கு நேராக, சிரித்துக்கொண்டே நடந்தாள்.

மனிதன் கூப்பிட்டால், நடுவில் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து நின்று கூப்பிடுவான். பறவைக்கு அது என்ன தெரியும்? அதற்கு எந்த இடத்துக்கும் வழி நேர்வழிதான்.

கரிச்சான் களைத்துப்போய்த் திரும்பி வந்தபோது மேடையில் குழல் மட்டும் கிடந்தது. ஈரப் புல்லில் காலடி வரிசையாக, கோணலே இல்லாமல், பிளவின் விளிம்பு வரைக்கும் போயிருந்தது. தான் எந்தக் கிளையில் உட்கார்ந்து ஊதினோம் என்பது அதற்கு அப்போதுதான் புரிந்தது.

அழுவதற்கு வாயைத் திறந்தது. அதன் சொந்தக் குரல் அங்கே இல்லை. அது அவளிடம் இருந்தது, அவளோடு போய்விட்டது. திறந்த வாயிலிருந்து கெம்பியின் கூவல் வந்தது. பின்னாலேயே மசணன் கூவல், கெம்பி பேத்தியின் கூவல், இத்தனை வருஷம் அவள் பின்னால் பறந்தபோது கேட்ட அத்தனை பேர் கூவலும் வந்தன. ஒரு பாட்டுக்காக இருந்த கதவு உடைந்துவிட்டது, இனி யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

பாறையில் இருந்தவர்களுக்கு இது கேட்டது. தன் கூவல் கேட்டால் நடக்க வேண்டும் அல்லவா? ஒவ்வொருவராக எழுந்து நடந்தார்கள். இந்தத் தடவை கரிச்சான் கிளையில் உட்காரவில்லை. பிளவைச் சுற்றிப் போகும் பாதையில், தரையை ஒட்டி, அவர்கள் முன்னால் பத்தடி பறப்பதும் உட்காருவதும் ஊதுவதுமாக அழைத்துக்கொண்டு வந்தது. ஒருவர் காலும் தப்பவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று அது அன்றைக்குத்தான் கற்றது. ஒரு நாழிகை தாமதமாகக் கற்றது.

மேடையில் வந்து நின்றார்கள். குழலைப் பார்த்தார்கள், காலடியைப் பார்த்தார்கள். அப்போது கரிச்சான் அவர்கள் காலடியிலேயே உட்கார்ந்து அவள் கூவலை ஒரு தடவை, சின்னதாக ஊதியது.

மசணன் நல்ல காதைத் திருப்பினான். "இன்னொரு தடவை ஊது" என்றான்.

ஊதியது.

"இது... இது அவ கூவலுடா" என்றான். "அவளோட ஏழாம் நாளுக்கு நானும் நின்னேன். எனக்கு அப்ப மீசை முளைக்கலை. இதே வாயால மூணு தடவை திருப்பிச் சொன்னேன்டா."

கெம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மேலே நின்றபோது பிள்ளைகளின் காதைப் பொத்தச் சொன்னவள் அவள்தானே. "இன்னும் கூழு வேணுமான்னு கேட்டேன். அவ அதுக்கா நின்னா?" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மசணன் விளிம்புக்குப் போய் நின்று அந்தக் கூவலைச் சீழ்க்கையடித்தான். பல் போன வாய், மெட்டு உடைந்து உடைந்து வந்தது. அடுத்தவன் அடித்தான். பெண்கள் அடித்தார்கள். பிள்ளைகள் அடித்தார்கள். ஏழு ஊரும் சேர்ந்து கூப்பிட்டது. முப்பது வருஷத்துக் கூப்பிடல் மொத்தமும் அன்றைக்கு அந்த மலையில் கேட்டது. மஞ்சு விலகி, பிளவின் அடிவாரம் வரைக்கும் வெயில் விழுந்த பிறகும் நிறுத்தவில்லை. பதில் வரவில்லை.

உடைந்த குழலை அவளோடு சேர்க்க வேண்டும் என்று பிளவுக்குள் போட்டார்கள். கரிச்சான் விடவில்லை. குழல் நுனியின் கறுப்புக் கயிறு இரண்டையும் காலால் பற்றி, வாலில் சுற்றிக்கொண்டு, குழலோடு சேர்ந்து தானும் இறங்கியது. பாதி ஆழத்தில் கயிறு இரண்டும் அறுந்தன. குழல் போயிற்று. கரிச்சான் மேலே வந்தபோது அதன் குட்டை வாலில் இரண்டு கறுப்புக் கயிறும் முனையில் இரண்டு குஞ்சமும் தொங்கின. எடுத்துவிடுகிறேன் என்று மசணன் கை நீட்டினான். அது பறந்துவிட்டது.

அன்று முதல்தான் அந்த மலையில் எந்தக் குழல்காரரும் தாமாக வந்து ஊதுவதில்லை. முதலில் ஊர் நின்று அவருடைய கூவலை ஊத வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் குழலை உதட்டில் வைப்பார். அன்று முதல்தான் கரிச்சானுக்கு வாலில் இரண்டு நீளக் கயிறும் குஞ்சமும். அதற்குச் சொந்தப் பாட்டு இல்லை. காட்டில் எல்லாப் பறவையின் குரலும் அதற்கு வரும். குக்குறுவான் குரலில் கூப்பிட்டால் குக்குறுவான் வரும், சிலம்பன் குரலில் கூப்பிட்டால் சிலம்பன் கூட்டமே வரும். வந்த பறவைகளைச் சேர்த்துக்கொண்டு, கிளை கிளையாக முன்னால் பறந்து வழிகாட்டிப் போகும். விடிகிற நேரத்தில் மட்டும் தனியாக ஒரு மொட்டைக் கிளையில் உட்கார்ந்து, யாருடையது என்று எந்தப் பறவைக்கும் தெரியாத ஒரு சின்ன மெட்டை ஊதும். மேலே ஏறி, ஒரு இடத்தில் நின்று, எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வருகிற மாதிரி இறங்கும். ஊதிவிட்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்.